எடப்பக்கத்துப் பின்கதவு

மருதப்பனுக்கு எதையும் தட்டிப் பாக்காம நம்புத பழக்கம் கெடையாது. சந்தையில தேங்கா வாங்கினாலும் சரி, பானை வாங்கினாலும் சரி, நடுவிரலை மடக்கி ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு, காதைக் கிட்ட வச்சுக் கேட்டுட்டுத்தான் கையில எடுப்பான். மரவேலைக்காரனுக்குக் கண்ணை விடக் காதுதான் ஒசத்தின்னு அவனுக்கு ஒரு எண்ணம். அதனால அந்தப் பிளசர் காரு அவன் கொட்டகைக்குள்ள நொழைஞ்சு எஞ்சின் சூடு கூட ஆறல, அதுக்குள்ள நாலு கதவையும் உள்பக்கமாத் தட்டிப் பாத்துட்டான்.

மூணு கதவு ஒரே மாதிரி பதில் சொல்லிச்சு. டொக் டொக். டொக். வெத்தாக் கெடக்குத சத்தம். கண்ணாடி எறங்குததுக்கு எடம் வேணும்லா, காருக் கதவுன்னா உள்ள பொள்ளையாத்தான் இருக்கும். எடப்பக்கத்துப் பின்கதவு மட்டும் வேற மாதிரி சொல்லிச்சு.

தொம் தொம். தொம்.

கம்பந்தானியம் நெறச்சு வச்ச மண்குலுக்கையைத் தட்டினா கேக்குமே, அந்த மாதிரி.

ஒலகச் சண்டைக்கு முந்தி மெட்ராசுல வந்து எறங்கின கறுப்பு வண்டி அது. சிவகிரியில பருத்தி யாவாரம் பண்ணுத சௌந்தரபாண்டியன் மொதலாளியோடது. மழைத்தண்ணி எறங்கி எறங்கி நாலு கதவுலயும் உள்பக்கத்து ஒட்டுப்பலகை நெளிஞ்சு, மேல ஒட்டியிருந்த தோலு செதிலு செதிலா உரிஞ்சு தொங்கிச்சு. மத்த மூணு பலகையும் நெளிஞ்சது ஒரு ஒழுங்குல இல்ல, ஓரத்துல வளைஞ்சு, மூலையில பிஞ்சு, எல்லா ஈரப் பலகையும் போற போக்குத்தான். இது நடுவுல உப்பியிருந்துச்சு. ஓரத்துல ஒரு திருகாணி கூட அசையல. நடுவுல மட்டும், உள்ள இருந்து யாரோ தள்ளின மாதிரி, வட்டமா, வழவழன்னு, சீட்டைப் பாத்து முன்னால வந்து நின்னுச்சு.

வண்டி ஓட்டிக்கிட்டு வந்தது சேக் மைதீன். நரைச்ச தாடி, காக்கிச் சட்டை, எப்பவும் தோளுல ஒரு துண்டு. எறங்கினதும் அவரு எடப்பக்கமே வராம, வலப்பக்கமாவே ஒதுங்கி நடந்து வந்தாரு. இதையும் மருதப்பன் பாத்து வச்சுக்கிட்டான்.

"வே மருதப்பன், மூணு கதவையும் கழத்தி எப்படிச் செய்யணுமோ செஞ்சுக்கிடும். அந்தா, அந்த எடப்பக்கத்துப் பின்கதவை மட்டும் கழத்தாண்டாம். மேலோட அமுக்கி, நாலு ஆணியை அடிச்சு, புது ரெக்சினை ஒட்டி விட்டுரும். மொதலாளி சொன்னாவ."

"உள்ள ஈரத்தை வச்சுக்கிட்டு மேல மூடினா அடுத்த மழைக்குத் திரும்ப நெளியும் பாய். அப்பம் மொதலாளி என்னையத்தான வைவாரு?"

"வைய மாட்டாவ."

"அதெப்படி?"

"ஒமக்கு வாய் நீளம் வே. சொன்னதைச் செய்யும். வார முகூர்த்தத்துக்கு வண்டி வேணும். மொதலாளிக்கு ராயகிரியில பொண்ணு எடுக்காவ."

"ரெண்டாங் கல்யாணமா? மொதச் சம்சாரம் என்ன ஆனாவ?"

பாய் துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சாரு. மொகத்துல ஒண்ணும் இல்ல, வேர்வை கூட இல்ல.

"மவுத்தாயிட்டாவ."

"சரி பாய், அந்தக் கதவுக்குள்ள என்னதான் இருக்கு? புது மாப்பிள்ளை சரக்கு கிரக்கு போட்டு வச்சிருக்காரா?"

சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டான். பாய் சிரிக்கல. கொடையை விரிச்சுக்கிட்டு, திரும்பவும் வலப்பக்கமாவே சுத்தி, பஸ்சுக்குப் போயிட்டாரு.

சாராயக் கடையை எல்லாம் சர்க்காரு மூடியிருந்த காலம். எவன் வைக்கப்போருலயும் பானை இருக்கும், எவன் வண்டியிலயும் போலீசு கையை விட்டுப் பாக்கும். மருதப்பனுக்கு அன்னைக்கு வேலையே ஓடல. ஒரு வேளை உள்ள ரப்பர் பையில ஊத்தி அடைச்சு வச்சிருந்தா? கொட்டகை அவன் பேருல. மாட்டினா அவன்தான் மாட்டணும், மொதலாளி சிவகிரியில மாலையும் கழுத்துமா நிப்பாரு.

அவனுக்கு ஜெயிலை நெனச்சுக் கூடப் பயமில்ல. வள்ளித்தாயை நெனச்சுத்தான். ரெண்டு பேரும் பனவடலிசத்திரத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. சங்கரன்கோவில்ல சொந்தம்னு சொல்லிக்க ஒரு ஆளு கெடையாது. அவளுக்கு மொதப் புள்ளை ஏழாம் மாசத்துலயே தவறிப் போச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நாளு ஒண்ணும் தங்கல. இப்பம் எட்டாம் மாசம். இந்த எட்டு மாசத்துல அவ கோமதியம்மன் கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கெழமை இல்ல, அங்கன குடுக்குத புத்துமண்ணை ஒரு சிட்டிகை நாக்குல வைக்காத நாளு இல்ல. இவனை உள்ள தூக்கி வச்சுட்டா அவளுக்கு யாரு தண்ணி எடுத்துக் குடுப்பா?

வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் அவன் செய்யுத மொதக் காரியம் ஒண்ணு உண்டு. கையைக் கழுவி, வேட்டியில தொடைச்சு, அவ வயித்துல உள்ளங்கையை வைப்பான். அப்புறம் நடுவிரலை மடக்கி, நோகாம, ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு.

"தேங்கான்னு நெனச்சீங்களாக்கும்?"ன்னு அவ கையைத் தட்டி விடுவா.

ஆனா உள்ள இருக்குதவன் பதில் சொல்லிருவான். எடப்பக்கமா, இடுப்புக்குக் கொஞ்சம் மேல, ஒரு சின்னக் குதிங்காலு வந்து முட்டும். முட்டி, அப்படியே தோலுக்கடியில வழுக்கிக்கிட்டு மேல போயி, சட்டுன்னு மடங்கிரும். எப்பவும் அதே எடம், அதே போக்கு. அது அவன் கைக்குப் பழகிப்போன காலு.

மூணு கதவையும் அவன் ஒழுங்காத்தான் செஞ்சான். கைப்பிடியைக் கழத்தி, திருகாணியை எடுத்து, பலகையை உரிச்சு, குழிஞ்ச பக்கத்துல ஈரத்துணியைப் போட்டு, ரெண்டு தட்டைப் பலகைக்கு நடுவுல வச்சு, மேல தண்டவாளத் துண்டுகளை ஏத்தினான். அவசரப்பட்டு வெயில்ல வச்சா திரும்பவும் முறுக்கிக்கிடும், நெழல்லயே காயணும். காஞ்சதும் முதுகுப் பக்கத்துக்கு எண்ணெய் பூசணும், அதை எவனும் செய்ய மாட்டான், அதனாலதான் நெளியுது. மூணும் படிஞ்சு வந்துச்சு. நாலாவது, காருலயே, கொஞ்சங் கொஞ்சமா இன்னும் உப்பிக்கிட்டே போச்சு. காலையில பாத்ததுக்கு மத்தியானம் கூட. அவன் வேலை செய்யும்போது அது பக்கமா முதுகைக் காட்டி உக்காந்தான்னா, பின்னங்கழுத்துல மூச்சுப் படுத மாதிரி ஒரு கூச்சம். திரும்பிப் பாத்தா பலகைதான். பலகை எங்கயாவது மூச்சு விடுமா?

அப்படி ஒரு நாளு மழைக்கு ஒதுங்கி ஏட்டையா கொட்டகைக்குள்ள வந்தாரு. வந்தவரு வேற எங்கயும் சாயாம, அந்தக் கதவு மேலயே சாஞ்சு நின்னு பீடியைப் பத்த வச்சாரு.

"சிவகிரி வண்டியாலே?"

"ஆமாய்யா."

"மலைக்கு அந்தாண்ட இருந்து சரக்கு வருதாம்லா. காரு கீருலதான் வருதுன்னு கேள்வி." பொகையை விட்டுக்கிட்டே கதவுத் தகரத்தை வெரலால தட்டினாரு. தொம். அவரு கவனிக்கல.

ஏட்டையா ரோட்டுல எறங்கின உடனே அவன் கொட்டகைப் படலை இழுத்துச் சாத்தினான். திருப்புளியை எடுத்தான். என்னதான் இருக்குன்னு பாத்துருவோம். இருந்தா ஓடையில கொட்டுவோம். மொதலாளி கேட்டா கேக்கட்டும்.

திருகாணி எல்லாம் துருவே பிடிக்காம சல்லுன்னு வந்துச்சு. அதுவே ஒரு மாதிரியா இருந்துச்சு. யாரோ சமீபத்துல போட்ட ஆணிங்க. பலகையை நெம்பினான். வரல. சேத்துல மாட்டின காலை உருவுத மாதிரி உறிஞ்சிக்கிட்டு, அப்புறம் சளுக்குன்னு விட்டுச்சு.

மண்ணு.

கதவுக்குள்ள கைப்பிடி ஒசரத்துக்கு, தட்டித் தட்டிக் கெட்டிச்சு வச்ச மாதிரி, மண்ணு. லேசாச் செவந்து, மாவு மாதிரி நைஸா, ஒரு கல்லு கெடையாது, வேர் கெடையாது. மேல ஒரு மஞ்சத்துணி, மஞ்சக் கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு. அவுத்தான். அதுக்குள்ளயும் அதே மண்ணுதான்.

மருதப்பன் அப்படியே காரு மிதிபலகையில உக்காந்து சிரிச்சுட்டான். நெஞ்சுல இருந்த பாரம் எல்லாம் சிரிப்பா வந்துச்சு. சாராயமாவது சரக்காவது! இந்தப் பக்கத்துல வீடு கட்டினவன், வண்டி வாங்கினவன், பாம்பு கண்டவன், தோலுல படை வந்தவன், எவனா இருந்தாலும் கோயிலுக்கு வந்து புத்துமண்ணை வாங்கி மஞ்சத்துணியில முடிஞ்சு வைப்பான். மொதலாளிக்குப் பக்தி கொஞ்சம் கூடிப் போச்சு போல, கதவு நெறையக் கொட்டி வச்சிருக்காரு. சாமி மண்ணை எவனும் காலுல மிதிச்சுரக் கூடாதேன்னுதான் கழத்தாதேன்னு சொல்லியிருக்காவ. அந்த ஈரத்துலதான் பலகை உப்பியிருக்கு. எல்லாம் சரியாப் பொருந்திச்சு.

கையை விட்டு அள்ளினான். வெளிய கெடந்த தகரம் மழையில சில்லிட்டுக் கெடக்கு, உள்ள மண்ணு வெதுவெதுன்னு இருந்துச்சு. மொத மழை வாசம் அடிச்சுச்சு, அதுக்கு அடியில மஞ்சத்தூளு, அதுக்கும் அடியில என்னமோ புளிச்ச பாலு மாதிரி. மண்ணுக்குள்ள ஒரு பச்சைக் கண்ணாடி வளவித் துண்டு கெடந்துச்சு. கண்ணாடிச் சந்து வழியா எவ கை வளவியோ ஒடைஞ்சு விழுந்திருக்கும்னு வெளிய எறிஞ்சான்.

ஒலகத்துல எல்லாத்தையும் தட்டிப் பாத்தவன், இதை மட்டும் தட்டிப் பாக்கல. சாமி மண்ணுலா.

கீழ கொட்டினா பாவம்னு அவ்வளவையும் பெரிய மண்பானையில அள்ளி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனான். வெளக்கு மாடத்துக்குக் கீழ எறக்கி வச்சான். நெத்தியில கொஞ்சம் பூசிக்கிட்டு, ஒரு சிட்டிகை எடுத்தான். வள்ளித்தாய் கண்ணை மூடி நாக்கை நீட்டினா. அவன் கையாலதான் வச்சான்.

அவ வாயை மூடி, நாக்கால கரைச்சுப் பாத்தா.

"இது நம்ம கோயில் மண்ணு மாதிரி இல்லியே."

"பின்ன?"

"இது இனிக்கி."

மறுநாளு அவன் அந்த நாலாவது பலகையைத் தட்டைப் பலகைக்கு நடுவுல வச்சு, மத்த மூணுக்கும் வச்சதை விடக் கூடப் பாரம் ஏத்தினான். மத்தியானம் சோறு தின்னுட்டு வந்து பாத்தா தண்டவாளத் துண்டு எல்லாம் தரையில கெடக்கு. விழுந்து கெடக்கல. ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, எறக்கி வச்ச மாதிரிக் கெடக்கு. பலகை திரும்பவும் உப்பி நிக்கி. இப்பம் உள்ள மண்ணும் இல்ல, ஈரமும் இல்ல. எதுக்கு உப்புது?

எவனோ உள்ள வாரான்னு தோணிச்சு. பாயாத்தான் இருக்கும், தொறந்துட்டானான்னு வேவு பாக்க வாராரு. மருதப்பன் தரை பூரா அடுப்புச் சாம்பலைத் தூவி, படலைக் கட்டிட்டு, எதுத்தாப்புல இருந்த டீக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். ஒருத்தரும் போகல, வரல. சாம்பல்ல ஒரு காலடி இல்ல. பாரம் மட்டும் எறங்கியிருந்துச்சு.

உப்பின அளவுக்குக் கையை விரிச்சு வச்சுப் பாத்தான். அந்த வட்டம், அந்த ஏத்தம், அடிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து வார வாக்கு, எல்லாம் அவன் கைக்குத் தெரிஞ்ச அளவாத்தான் இருந்துச்சு. எங்கன பாத்த அளவுன்னு மட்டும் நெனப்பு வரல. கையை எடுத்துட்டான்.

அதுக்கு அடுத்த நாளுல இருந்து பலகை தானாத் தணிய ஆரம்பிச்சுச்சு.

பாரமே ஏத்தல. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுச்சு. இங்கன பலகை வடிய வடிய, அங்கன வீட்டுல பானையில மண்ணு வடிஞ்சுச்சு. மொதல்ல அவனுக்கு அது கண்ணுல படல. அப்புறம் பட்டுச்சு.

"ஏட்டி, மண்ணு கொறையுதே?"

"பூனை கீனை தள்ளியிருக்கும்."

பூனை மண்ணைத் திங்குமா? அவ நெகக் கண்ணெல்லாம் செவப்பா இருந்துச்சு. பேசும்போது பல்லு இடுக்குல செவப்பா இருந்துச்சு. சோறு வச்சா அப்படியே இருந்துச்சு. ஒரு நாளு சாயங்காலம் சத்தமில்லாம வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான். அவ பானைக்கு முன்னால காலை நீட்டி உக்காந்து, சோத்தைப் பெசையுத மாதிரிப் பெசைஞ்சு, உருட்டி உருட்டித் தின்னுக்கிட்டிருந்தா. கண்ணு ரெண்டும் செவத்தைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. புள்ளைத்தாச்சிப் பொம்பளைங்க மண்ணு, சாம்பல்னு ஆசைப்படுதது உள்ளதுதான். அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கிட்டான். ஆனா காலு உள்ள போக மாட்டேன்னுச்சு.

படுத்திருக்கும்போது தூக்கத்துல பேசினா.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க… குழி குழியாக் கெடக்கு… மெதுவா ஓட்டச் சொல்லுங்க…"

எழுப்பினான். "ஏட்டி, நீ எப்பம் காருல போன?"

"நானா? கட்டை வண்டியை விட்டா நான் எதுல போனேன்?"ன்னு சிரிச்சா. செவப்புச் சிரிப்பு.

வயித்துல கை வச்சான். தட்டினான். ஒண்ணும் வரல.

"தூங்குதான். நீங்களும் தூங்குங்க"ன்னு கையை எடுத்து விட்டுட்டா. மாசம் ஏற ஏற புள்ளைக்கு எடம் பத்தாது, அசைவு கொறையும்னு எல்லாரும் சொல்லுததுதானன்னு அவனும் விட்டான். விட்டானே தவிர, அவ கையை எடுத்து விட்ட வேகம் அவனுக்குப் பிடிக்கல. எதையோ மறைக்குதா. பொண்டாட்டியைச் சந்தேகப்படுத அளவுக்குப் போயிட்டமேன்னு அவனுக்கே அசிங்கமா இருந்துச்சு.

பலகை அன்னைக்குக் கண்ணாடி மாதிரிப் படிஞ்சு கெடந்துச்சு. மட்டக்கோலை வச்சுப் பாத்தான், ஒரு மயிரெழை சந்து இல்ல. முதுகுக்கு எண்ணெய் பூசி, வச்சிரப் பசை தடவி, புது ரெக்சினைச் சுருக்கம் இல்லாம இழுத்து ஒட்டி, கதவுல மாட்டி, திருகாணியை முடுக்கினான். தட்டினான்.

டொக் டொக். டொக்.

வெத்துச் சத்தம். மத்த மூணு கதவு மாதிரியே. இப்படி ஒரு வேலை நம்ம கையால நடந்ததில்லன்னு அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக் கூட இருந்துச்சு.

மறுநாளு மத்தியானம் பாய் வந்தாரு. மழை பிச்சிக்கிட்டு ஊத்துது, பட்டப்பகல்லயே இருட்டிக் கெடக்கு. எட்டத்துல நின்னே கதவைப் பாத்தாரு. உப்பல் இல்ல. மொகம் மாறிச்சு.

"எப்படிவே படிஞ்சுச்சு?"

"வேலைக்காரன் கை பாய்."

பாய் அன்னைக்குத்தான் மொதத் தடவையா எடப்பக்கம் வந்தாரு. வெரலை நீட்டி, தீயைத் தொடுத மாதிரி, பலகையைத் தட்டினாரு. டொக். வெரலு அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

"மண்ணு எங்கவே?"

"அதுவா, தொறந்துட்டேன் பாய். கோவிக்காதீரும். உள்ள ஈரத்தை வச்சு மூட மனசு வரல. சாமி மண்ணைக் கீழயும் போடல, வீட்டுலதான்…"

"சாமி மண்ணுன்னு எவன்வே சொன்னான்?"

தகரத்துல மழை.

"சண்முகவடிவம்மா," பாய் மெதுவாச் சொன்னாரு. "மொதலாளி சம்சாரம். வளைகாப்பு முடிஞ்ச கையோட வலி எடுத்துட்டு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டு போனேன். இந்த சீட்டு. இந்தக் கதவுல வயித்தை முட்டுக் குடுத்துக்கிட்டு, மெதுவா ஓட்டச் சொல்லுங்கன்னு கத்திக்கிட்டே வந்தாவ. அப்புறம், எறக்கி வையுங்க, யாராவது எறக்கி வையுங்கன்னு. ஒங்க ஊரு பனவடலிசத்திரம் தாண்டல. மூச்சு நின்னுட்டு. புள்ளை உள்ளயே."

"பாய்…"

"புள்ளையோட செத்தா ஒங்க ஆளுக என்னவே செய்வாவ? ரோட்டோரம் சுமைதாங்கிக் கல்லு நாட்டுவாவல்லா. போறவன் வாரவன் தலைச்சுமையை அதுல எறக்கி வைக்க வைக்க அவ பாரமும் எறங்கும்னு. மொதலாளி நாட்டல. ஊரு கதை பேசும்னு நாட்டல. செத்த அந்தம்மா வீட்டுக் கதவுலயே வந்து முட்டுனாவ. தெனமும். மலையில இருந்து மந்திரக்காரன் ஒருத்தன் வந்தான். உசுரு போன எடத்துலயே அடைச்சு வையின்னான். பொதைச்ச குழியைத் தோண்டி, அந்தம்மா வயித்து மேல கெடந்த மண்ணை எடுத்துட்டு வந்து…"

மருதப்பன் முழுசாக் கேக்கல. ஓடினான்.

தெருவெல்லாம் தண்ணி. முட்டளவு. செருப்பு போயிட்டு. நாக்குல அவன்தான் வச்சான். அவன் கையாலதான் வச்சான். எறக்கி வையுங்க. எறக்கி வச்சான். வெளக்கு மாடத்துக்குக் கீழ, அவன் கையாலதான்.

கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள வெளக்கு இல்ல. பானை கவுந்து கெடந்துச்சு, உள்பக்கம் நக்கி எடுத்த மாதிரி வெள்ளையா. வள்ளித்தாய் செவத்துல சாஞ்சு, காலை அகட்டி, எடப்பக்கமாச் சரிஞ்சு உக்காந்திருந்தா. வாயைச் சுத்திச் செவப்பு.

"வள்ளி."

"இப்பம் பரவால்ல." கொரலு கரகரன்னு வந்துச்சு. "இப்பம் ஒண்ணும் அசையல."

சேலையை வெலக்கினான். வயிறு அப்படியேதான் இருந்துச்சு. அதே வட்டம். அதே ஏத்தம். உள்ளங்கையை வச்சான். சில்லுன்னு இருந்துச்சு. நடுவிரலை மடக்கினான். மடக்கின வெரலு தட்டப் பயந்துச்சு.

தொம் தொம்.

தொம்.

கம்பு நெறச்ச குலுக்கை.

"எங்கட்டி என் புள்ளை?"

அவ தலையைத் திருப்பி, மழைக்குள்ள, கொட்டகை இருக்குத தெசையைப் பாத்தா.

எப்படித் திரும்பி வந்தான்னு அவனுக்குத் தெரியல. பாய் ஸ்டியரிங்குக்கு முன்னால உக்காந்து எஞ்சினைக் கெளப்பியிருந்தாரு. வண்டி நடுங்கிக்கிட்டிருந்துச்சு. "வே, வெலகும், நான் போவணும்"னு அவரு கத்தினது மழையில கேட்டும் கேக்காம. மருதப்பன் பின்சீட்டுல விழுந்தான். எடப்பக்கம். புது ரெக்சினு, வச்சிர வாசம். கன்னத்தைப் பலகையில வச்சான்.

தட்டினான்.

டொக் டொக்.

டொக்.

வெத்துக் கதவு. உள்ள ஒண்ணும் இல்ல. அவன்தான் அள்ளினான், அவன்தான் மூடினான், உள்ள ஒண்ணும் இல்ல.

உள்ளங்கையை விரிச்சு வச்சான்.

ரெக்சினு லேசா மேடு தட்டிச்சு. எலந்தைப் பழம் அளவுக்கு. கைக்கு அடியில, சூடா. முட்டிச்சு. வழுக்கிக்கிட்டே மேல போச்சு. சட்டுன்னு மடங்கிச்சு.

அவனுக்குத் தெரிஞ்ச காலு.

திருப்புளி இன்னும் இடுப்புலதான் இருந்துச்சு. அவன் எடுக்கல. எடுக்க முடியல. ஏன்னா அந்தக் குதிங்காலு திரும்பவும் வந்து முட்டினப்போ, அதைச் சுத்தி ரெக்சினு இன்னும் பெருசா எழும்பிச்சு. ஒரு வெரலு. அடுத்த வெரலு. அஞ்சும். பொம்பளைக் கை. உள்ள இருந்து விரிஞ்சு, சின்னக் குதிங்காலு மேல படிஞ்சு, அழாத அழாதன்னு சொல்லுத மாதிரி மெதுவாத் தடவிக் குடுத்துச்சு. மணிக்கட்டுல வரிசையா வளவி மேடு. நடுவுல ஒண்ணு மட்டும் ஒடைஞ்சு.